அந்த வரியைச் சொன்னது லிஃப்ட் மெக்கானிக்

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உடன்பிறந்த தம்பி, வயது அறுபத்தொன்று, தொழில் நாவல் எழுதுவது, பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் முழு நலத்துடன் இருக்கிறேன். இந்த வாக்கியத்தை எல்லாரும் கடிதத்தின் தலைமாட்டில் சும்மா வைப்பார்கள். நான் இதை வாக்குமூலமாக வைக்கிறேன். நலமாக இருக்கிறேன் என்று நிரூபிப்பதற்காகவே இந்தக் கடிதம். தங்கள் நலத்தையும், அத்தான் அவர்களின் முழங்கால் நலத்தையும், செய்வதையெல்லாம் செய்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி நடமாடும் தங்கள் அருமைப் புதல்வனின் நலத்தையும் அறிய ஆவல்.

என்னடா இவன் 'தாங்கள், நீங்கள்' என்று எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். வாய் பேச வந்த நாளிலிருந்து உங்களை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். ஆனால் கோபம் வந்தால் எனக்கு மரியாதை தானாக வந்துவிடும். நம் அப்பாவுக்கும் அப்படித்தான். அவர் நம்மை 'வாங்க' என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வோமே, ஞாபகம் இருக்கும். இன்னொன்று. இதைக் காகிதத்தில், பேனாவால், அதுவும் இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டில் இன்னும் பட்டை இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதையும் ஓர் அறிகுறி என்று அந்த டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டிவிடாதீர்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்றால், இனிமேல் மின்சாரத்தில் ஓடுகிற எந்தப் பொருளின் முன்னாலும் நான் வாயைத் திறப்பதாக இல்லை. நேற்று ஃப்ரிட்ஜைத் திறந்தபோது ஒரு தும்மல் வந்தது. தும்மிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தேன். என்னை அந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டீர்கள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குக் கடைசி அத்தியாயம் மட்டும்தான் தெரியும். முப்பத்துநான்கு வருடம் பேனா பிடித்த மணிக்கட்டு, போன வருடக் கடைசியில் ஒரு நாள் காலை, தேநீர்க் கோப்பையைக்கூடத் தூக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. எலும்பு டாக்டர் ஒரு வருடம் எழுதக் கூடாது என்றார். நாவலோ பாதியில் நிற்கிறது. பதிப்பாசிரியர் அறிவிப்பு வெளியிட்டு, அட்டைப்படமும் வரைந்து வாங்கி, நான் எழுத வேண்டியது ஒன்றுதான் பாக்கி என்ற நிலைக்கு வந்துவிட்டார். அப்போதுதான் உங்கள் புதல்வன், என் மருமகன், ஒரு கைக்கடிகாரத்தோடு வந்து இறங்கினான். "மாமா, இனிமே நீங்க எழுதவே வேணாம். பேசினாப் போதும், அதுவே எழுதிக்கும்" என்றான். பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்திவிட்டுப் பேசினால் நாவலில் ஏறும், அழுத்தாவிட்டால் ஏறாது, அவ்வளவுதான் பாடம். ஏறியதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனே அச்செடுத்துக் கொண்டுவந்து தருவான். (கொஞ்ச நாளாக வெறுங்கையை வீசிக்கொண்டு வருகிறான். "புதுசா எதுவும் இல்லையே மாமா" என்கிறான். சோம்பேறி.) இதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. போகிற போக்கில், "கூடவே மனநலத் துணைன்னு ஒண்ணு இருக்கு மாமா. அது பாட்டுக்கு எப்பவும் ஓரமா உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கும், உங்களைத் தொந்தரவே பண்ணாது" என்றான். ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் உலகத்திலேயே அபாயமானவர்கள் என்று ஒரு நாவலாசிரியனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? நானே அந்தப் பிழைப்புத்தானே பிழைக்கிறேன்? தெரியவில்லை. முப்பத்தாறு பக்க நிபந்தனைக்குக் கீழே 'சம்மதம்' என்ற இடத்தில் விரலை வைத்தேன். 'அவசரமானால் யாருக்குத் தகவல் தர வேண்டும்?' என்று கேட்டது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் உங்களுடையதுதான். அதைச் சொன்னேன். அதற்கு நான் பட்ட பாடு பின்னால் வருகிறது.

அந்தக் கடிகாரத்தின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். நான் மாடிப்படி ஏறினால் 'சபாஷ்' என்றது. தொலைபேசியில் பதிப்பாசிரியரோடு பேசினால் 'உங்கள் இதயம் வேகமாகத் துடிக்கிறது, ஒரு நிமிடம் அமர்ந்து மூச்சு விடலாமா?' என்றது. ஒரு நாள் எரிச்சலில் கழற்றி அலமாரியில் போர்வைகளுக்கு நடுவே செருகிவிட்டேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால், பதினாறு மணி நேர ஆழ்ந்த உறக்கத்துக்கு வாழ்த்துத் தெரிவித்திருந்தது. போர்வைக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு கருவி சொன்னதை நம்பித்தான் என் குடும்பம் மொத்தமும் என் வீட்டு வாசலில் வந்து நின்றது.

நான் எப்படி எழுதுகிறவன் என்று உங்களுக்குத் தெரியாதா? நாவலில் யார் பேசினாலும் அதை முதலில் நான் வாய்விட்டுப் பேசிப் பார்ப்பேன். அலமாரியிலிருந்து சன்னல் வரைக்கும் பதினொரு எட்டு, திரும்பப் பதினொரு எட்டு. கொலைகாரன் பேசுவான், அவனுடைய மாமியார் பேசுவாள், நீதிபதி தீர்ப்புச் சொல்வார், எல்லாம் என் வாயால்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சுவரோடு பேசுகிறான் என்று என்னை அம்மாவிடம் காட்டிக்கொடுத்ததும் தாங்கள்தான். ஒரு தடவை கீழ்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற நில அளவையாளர் மூச்சிரைக்க மாடி ஏறி வந்து, "சார், என்ன இருந்தாலும் பொம்பளை மேல கை நீட்டக் கூடாது" என்றார். என் மனைவி அப்போது பல் ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தாள். அத்தியாயம் ஏழில் ஒரு கணவன் மனைவி சண்டை. இரண்டு குரலும் என்னுடையதே என்று நான் பேசிக் காட்டிய பிறகுதான் மனிதர் இறங்கிப் போனார். இது என் வேலை செய்யும் முறை. தச்சர் மரத்தைத் தட்டிப் பார்ப்பது மாதிரி நான் வார்த்தையைத் தட்டிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் நாயகன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் வடத்துக்கு எண்ணெய் போட்டு, பழுது பார்த்து, நாள் முழுக்க மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருப்பவன். எந்த மாடியிலும் அவனுக்கு இறங்க வேலையில்லை. துயரமே உருவான ஒரு பாத்திரம். அவன் சொல்கிறான்: "நான் இல்லைன்னாலும் இந்த வீட்டுல எதுவும் மாறாது. ஒரு நாற்காலி மட்டும் கொஞ்சம் நகர்ந்து கிடக்கும்." நல்ல வரி. என் வாயால் சொல்லக் கூடாது, ஆனாலும் நல்ல வரி. கடந்த சில வாரங்களாக அதைச் சன்னலோரம் நின்று பல தடவை சொல்லிப் பார்த்தேன். இன்னும் இரண்டு மூன்று வரிகளையும் சொல்லிப் பார்த்தேன். அந்த ஓரத்து ஒட்டுக்கேட்பான் என்ன செய்தது? 'உங்கள் அன்புக்குரியவர் பதினொரு நாட்களாக நம்பிக்கையிழந்த சொற்களைப் பேசிவருகிறார். தயவுசெய்து அவரோடு பேசுங்கள்' என்று தங்களுக்குத் தகவல் அனுப்பியது. சான்றுக்கு என் நாயகனின் வரிகளையும் எடுத்துப் போட்டது. வெளிவராத நாவலின் வரிகளை, அக்கா! பதிப்பாசிரியர்கூட இன்னும் பார்க்கவில்லை!

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு என்ன பல் தேய்ப்பு என்று அன்றே கேட்டீர்கள், எழுத்தாளனுக்கு நேரம் காலம் உண்டா? கதவை யாரோ உடைப்பது போலத் தட்டினார்கள். வாயில் நுரையோடு திறந்தேன். அந்த நுரையைப் பார்த்து நீங்கள் போட்ட கூச்சலில் நில அளவையாளர் மறுபடியும் மாடி ஏறிவிட்டார். பின்னால் அத்தான், கையில் ஒரு பையில் மாற்றுத்துணி, எனக்கா அவருக்கா என்று அவருக்கே தெரியவில்லை. உங்கள் கையில் இருந்த போனில் உங்கள் புதல்வன் முகம். "மாமா கூடப் பேசிக்கிட்டே இருங்கம்மா, பேச்சை விடாதீங்க" என்று அங்கிருந்தே இயக்குகிறான். நான் கீழே பார்த்தேன். வலது காலில் உன் செருப்பு, இடது காலில் அத்தானுடையது. நான்கு தெருவும் ஒரு பஸ்ஸும் தாண்டி அப்படியே வந்திருக்கிறாய்.

பார், 'உன்' என்று வந்துவிட்டது. போகட்டும். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, கையிருப்பில் இருந்த மரியாதைதான் தீர்ந்தது.

வந்தவள் என்ன செய்தாய்? திரைச்சீலைகளையெல்லாம் சரக் சரக்கென்று இழுத்தாய். "எத்தனை நாளா இப்படி இருட்டுல கிடக்கே?" என்றாய். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று மூடி வைத்திருந்தேன், அது குற்றமா? மேசையில் பிரிக்காத கடிதங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாய். பிரித்தால் பதில் எழுத வேண்டும், பதில் எழுதக் கை இல்லை, இதில் என்ன மர்மம்? அப்புறம் சமையலறைக்குள் புகுந்து காய் நறுக்கும் கத்தியையும், குளியலறையிலிருந்து நகவெட்டியையும், என் மேசையிலிருந்து காகிதக் கத்தரியையும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாய். ஒன்பது நாளாகிறது. என் மனைவி பீன்ஸைக் கையால் முறிக்கிறாள். வெங்காயத்தை உரித்து முழுசாகப் போடுகிறாள். பூசணிக்காய் ஒன்று வாங்கிவைத்து, என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். என் கால் நகத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

என் மனைவி மதியச் சாப்பாட்டுக்கு வந்ததும் விஷயம் கேள்விப்பட்டுப் பதறுவாள், உங்களையெல்லாம் விரட்டுவாள், "இவர் முப்பது வருஷமா இப்படித்தான் தனியாப் பேசிக்கிட்டு இருக்கார்" என்று எனக்காகச் சாட்சி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தகவலை வாங்கி ஒரு தடவை படித்தாள். இரண்டாவது தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அவசரத்துக்கு உங்க அக்கா நம்பரா குடுத்தீங்க?" என்றாள்.

"அதுதானே எனக்கு ஞாபகம் இருந்தது?"

"இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டுல இருக்கேன். அடுத்த அறையில இருக்கேன். எனக்குத் தெரியாம அண்ணிக்குத் தெரியணுமா?"

நீயே சாட்சி, அப்படியே வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதாள். நான் சாகப்போவதாக ஒரு கருவி சொல்கிறது, இவள் போன் நம்பருக்கு அழுகிறாள் என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அத்தான்தான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு வாய் கொப்பளிக்கக்கூட யாரும் நேரம் தரவில்லை.

அடுத்து வெள்ளிக்கிழமை என்னை நடுவில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் நீயும் அத்தானும் நெருக்கிக்கொண்டு, காரில் மனநல டாக்டரிடம் அழைத்துப் போனீர்கள். காவலர்கள்கூடக் கைதிக்குச் சன்னலோரம் தருவார்கள். அங்கே வரவேற்பறையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். பத்துக் கேள்வி. 'கடந்த இரண்டு வாரங்களில் கீழ்க்கண்டவை உங்களை எவ்வளவு தொந்தரவு செய்தன?' ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. முதலில் அதன் நடையே எனக்குப் பிடிக்கவில்லை. 'இருத்தல், இருத்தல்' என்று பத்து வரியும் ஒரே மாதிரி முடிகிறது. நான்கு இடத்தில் திருத்திக் கொடுத்தேன். பிறகு எனக்கு ஓர் அருமையான யோசனை தோன்றியது. இந்தப் படிவத்தை என் லிஃப்ட் மெக்கானிக் நிரப்பினால் எப்படி இருக்கும்? ஒரு பாத்திரம் எவ்வளவு ஆழமாக அமைந்திருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. கண்ணை மூடி அவனாகவே மாறி, ஒவ்வொரு கேள்விக்கும் அவன் பதிலையே போட்டேன். தூக்கம், பசி, களைப்பு, தன்னைப் பற்றிய நினைப்பு, எல்லாம். முப்பதுக்கு இருபத்துமூன்று வந்தது. இத்தனை வருடத்தில் இவ்வளவு கச்சிதமாக ஒரு பாத்திரம் எனக்கு அமைந்ததில்லை. பெருமையாக இருந்தது.

டாக்டரம்மா சின்ன வயசு. தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டே விஷயத்தை விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. "சரிங்க சார். இது மெக்கானிக்கோடது. இப்ப உங்களுக்காக ஒண்ணு நிரப்பிக் குடுங்க" என்று இன்னொரு தாளை நீட்டினார். நிரப்பினேன். இருபத்தொன்று. இதை நீ நன்றாகக் கவனிக்க வேண்டும் அக்கா. அவனுக்கு இருபத்துமூன்று, எனக்கு இருபத்தொன்று. முழுதாக இரண்டு மதிப்பெண் வித்தியாசம்! நானும் அவனும் வேறு வேறு ஆள் என்பதற்கு இதற்கு மேல் என்ன ருசு வேண்டும்? இதை நான் எடுத்துச் சொன்னபோது நீ ஏன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாய் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அதோடு விட்டாரா? "கடைசியா எப்ப சார் ஒரு புத்தகத்தை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சீங்க?" என்று கேட்டார். பார்த்தாயா திமிரை! மீன் பிடிக்கிறவரைப் பார்த்து, நீ தண்ணீரை எப்போது பார்த்தாய் என்று கேட்பார்களா? வீட்டில் ஆறாயிரம் புத்தகம் வைத்திருக்கிறேன். பஸ்ஸில் படித்துக்கொண்டே போய், இறங்க வேண்டிய இடத்தை விட்டுக் கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்து, மறுபடியும் விட்டவன் நான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எந்தப் புத்தகம் என்று யோசித்தேன். மேசையில் இருப்பது நாற்பது பக்கத்தில் நிற்கிறது, கட்டிலருகே இருப்பது பன்னிரண்டில். அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது... கடைசியில், "நான் இப்பல்லாம் போன்லதான் நிறையப் படிக்கிறேன்" என்றேன். "என்ன படிக்கிறீங்க?" என்றார். என்னத்தைச் சொல்ல? முன்பின் தெரியாதவர்கள் முன்பின் தெரியாதவர்களைத் திட்டுவதைப் படிக்கிறேன். கட்டைவிரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது, கடைசிப் பக்கமே இல்லை. கடைசிப் பக்கம் இல்லாத ஒன்றை எப்படி முடித்தேன் என்று சொல்வது? அதற்கு அவர் ஏதோ குறித்துக்கொண்டார். என் வாயைப் பிடுங்கி என்னையே மாட்டிவைத்துவிட்டார்.

புத்தகம் எவ்வளவு கண்ணியமான பொருள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நான் அதைப் படிப்பேன், அது என்னைப் படிக்காது. எந்தப் பக்கத்தில் அழுதேன் என்று யாரிடமும் போய்ச் சொல்லாது. இருபது வயதில் அந்த ஒரு வருடம் நான் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தேனே, அப்போதும் நெஞ்சு மேல் ஒரு புத்தகம் கவிழ்ந்து கிடந்தது. படிப்பாளி என்று எல்லாரும் மெச்சினீர்கள். அதை நான் புரட்டவே இல்லை என்று அது ஒருநாளும் காட்டிக்கொடுக்கவில்லை. கண்ணியம் என்றால் அது. ஆனால் யாரையும் கூப்பிடவும் இல்லை. அதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை, இடது கையால் கோடு போட்டு அடிக்கவும் வரவில்லை, அப்படியே விடுகிறேன்.

விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அத்தான் நல்ல எண்ணத்தில் பதிப்பாசிரியருக்குப் போன் செய்து, தகவலில் வந்த வரிகளையும் படித்துக் காட்டி, கொஞ்ச நாள் என்னை அவசரப்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டார். "கேள்விப்பட்டதுலேர்ந்து மனசே சரியில்ல சார். உடம்பைப் பார்த்துக்கோங்க, நாவல் எங்கேயும் ஓடிடாது" என்றார். நான் நெகிழ்ந்துபோனேன். உடனே, "அந்த நாற்காலி வரி மட்டும் பிரமாதம் சார். பின்னட்டைல போட்டுக்கலாமா? எந்த அத்தியாயம்?" என்றார். நானும் சளைக்காமல், "இருநூத்திப் பதினாலாம் பக்கம்" என்றேன். அவராவது அதை நாவலில் வரும் வரி என்று ஒத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தைத்தான் இந்தக் கடிதத்தோடு இணைத்து அனுப்பப்போகிறேன். படித்துப் பார்த்துவிட்டு உன் புதல்வனிடமும் காட்டு.

அன்றிலிருந்து எனக்கு வீட்டுச் சிறை. காலை ஒன்பது, மதியம் ஒன்று, மாலை ஆறு என்று மருந்து மாதிரி மூன்று வேளை கூப்பிடுகிறாய். "சும்மாத்தான் கூப்பிட்டேன்" என்று ஆரம்பிக்கிறாய். உன் மகன் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு கேட்கிறாய் என்பது எனக்குத் தெரியும், பக்கம் புரட்டும் சத்தம் கேட்கிறது. நேற்று, "இன்னிக்கு உனக்குப் பிடிச்ச ஒரு விஷயம் சொல்லு" என்றாய். அறுபத்து நான்கு வயதில் உன் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்ததே இல்லை. அத்தான் தினமும் வந்து இரண்டு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுகிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. போகும்போது, "நாளைக்கு வரேன்" என்கிறார். நில அளவையாளர் நான் பேசினாலும் மேலே வருகிறார், பேசாவிட்டாலும் வருகிறார். என் மனைவி பல் ஆஸ்பத்திரியில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து, அடுத்த அறையில் உட்காராமல் இதே அறையில் உட்கார்ந்து துணி மடிக்கிறாள். மடித்ததையே மறுபடியும் மடிக்கிறாள்.

என் கோபம் எதன் மேல் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் உன் வீட்டுக்குச் சாப்பிட வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? சோற்றை அளைந்துகொண்டே, "எதுவுமே பிடிக்கலக்கா. எழுதவும் வரல, எந்திரிக்கவும் வரல" என்றேன். (அதைச் சொன்னதும் லிஃப்ட் மெக்கானிக்தான். உன் முன்னால் ஒத்திகை பார்த்தேன், அவ்வளவுதான்.) நீ என்ன செய்தாய்? "நாலு பேரோட வெளியில போய்ப் பேசு, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி இன்னொரு கரண்டி போட்டாய். உன் முகத்துக்கு நேராக, என் சொந்த வாயால், என் சொந்தக் குரலில் சொன்னபோது எனக்குக் கிடைத்தது ஒரு கரண்டி. அதே பேச்சை ஒரு கடிகாரம் இரண்டு வரியில் அனுப்பியதும் செருப்பு மாறியது தெரியாமல் ஓடி வருகிறாய்! அப்படியென்றால் தம்பி சொன்னால் கதை, கருவி சொன்னால் நிஜமா? நான் முப்பத்துநான்கு வருடமாக மனிதர்களின் மனசை எழுதுகிறேன், பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன், ஆனால் என் வீட்டில் என்னை நம்ப வைக்க ஒரு பொத்தான் கடிகாரத்தின் சிபாரிசு வேண்டியிருக்கிறது. எனக்கு வலித்தது அக்கா. அவ்வளவுதான் சொல்வேன். நாவலாசிரியன் என்ற முறையில் வலித்தது.

ஆகவே இதன் மூலம் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், கத்தி, நகவெட்டி, கத்தரி மூன்றையும் உடனே திருப்பி அனுப்ப வேண்டும். பூசணிக்காய் அழுகுவதற்குள் அனுப்பினால் நல்லது. மூன்று வேளைப் போனை நிறுத்த வேண்டும். டாக்டரம்மா வரும் வியாழக்கிழமை பத்தரை மணிக்கு மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார், மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டுமாம். மாத்திரையை லிஃப்ட் மெக்கானிக்குக் கொடுக்கட்டும். நான் வருவதாக இல்லை, தூக்கிக்கொண்டு போனாலும் வருவதாக இல்லை. அந்த நேரத்தை ரத்து செய்துவிட்டு எனக்குத் தெரிவிக்கவும். கடிகாரத்தை இத்துடன் உன் மகனுக்கே திருப்பி அனுப்புகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம், அவர் முழங்காலுக்கு என் தனி வணக்கம். தினம் மாடி ஏறி அது இன்னும் மோசமாகிவிடப் போகிறது. உன் மகனுக்கு என் ஆசிகள் பாதி, மீதியை அவன் நடத்தையைப் பார்த்துத் தருகிறேன். நீ மூத்தவள், உன்னை ஆசீர்வதிக்க எனக்கு உரிமையில்லை. உன் ஆசியை மட்டும் வழக்கம்போல் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பூரண மனநலத்துடன்,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால், இணைப்பதற்காக இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தைத் தேடினேன். முன்பு நான் கையால் எழுதியதும் உன் மகன் அச்செடுத்துத் தந்த தாள்களும் சேர்ந்து மொத்தமே நூற்று முப்பத்தொரு பக்கம்தான் இருக்கிறது. கடைசித் தாளில் அவன் குறித்திருக்கும் தேதி நான்கு மாதத்துக்கு முந்தையது. அவன் மேல் தப்பில்லை. அதற்கப்புறம் நான் பொத்தானையே அழுத்தவில்லை.

சரி, நூற்று முப்பத்தொன்றுக்குள்தான் எங்கேயோ இருக்கும் என்று முதல் பக்கத்திலிருந்து படித்தேன். முழுக்கப் படித்தேன் அக்கா, ஒரு வரி விடாமல். டாக்டரம்மா கேட்டால் சொல்லலாம். அந்த வரி எங்கேயும் இல்லை. அந்த மெக்கானிக் அப்படிப்பட்ட ஆளே இல்லை. எல்லா மாடியிலும் இறங்கி எல்லார் வீட்டிலும் தேநீர் குடிக்கிறான். மாட்டிக்கொண்டவர்களை வெளியே இழுத்துவிட்டு ஒரு ஜோக் சொல்கிறான். ஆரம்பத்தில் நான் அவனை அப்படித்தான் எழுதியிருக்கிறேன், எப்போதோ மறந்துபோயிருக்கிறேன். அவனுக்கு அந்தப் படிவத்தைக் கொடுத்தால் மூன்று மதிப்பெண்கூட வராது. அந்த இருபத்துமூன்று என்னுடையது. இருபத்தொன்றும் என்னுடையதுதான்.

கடிகாரத்தைத் திருப்பி அனுப்பவில்லை, கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அதில் இரண்டாவது நம்பராக என் மனைவியின் நம்பரைப் போட்டாயிற்று, அவளே பக்கத்தில் நின்று சொன்னாள். பூசணிக்காயைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். கத்தி கொஞ்ச நாள் உன்னிடமே இருக்கட்டும்.

வியாழக்கிழமை பத்தரைக்கு வந்துவிடு. செருப்பு எதுவானாலும் பரவாயில்லை.